பெருமாளுக்கு அல்லாத விரதம்

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த வேலை, வாசலில் "கோவிந்தா" என்று குரல் கேட்டு, பல்கூடத் துலக்காமல் ஓடிப்போய் ஒரு பிடி அரிசி போட்டதுதான். புரட்டாசிச் சனிக்கிழமை. பின்தெருக்காரர் ஒருவர் நெற்றியில் நாமம் இட்டு, சொம்புக்கும் நாமம் இட்டு, கழுத்தில் துளசி மாலையோடு நின்றிருந்தார். அவர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்த பிறகும் துளசி வாசனை வாசலில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். வேறு எந்த வேலையும் ஓடவில்லை. இன்று எனக்கு விடுமுறை. உன்னோடு பேச வேண்டும்.

அவன் வந்திருக்கிறான். நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்திருக்கிறான்.

அவன் என்றே எழுதுகிறேன். நீ கடைசிவரை 'அவரு' என்றுதான் சொன்னாய். உன் வாயில் அது இயல்பாக வந்தது. எனக்கு வராது, வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

பழைய கம்பெனியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒயர் உறையின் பிளாஸ்டிக் நெடி. இருசக்கர வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனி. நீங்கள் பெண்கள் எல்லோரும் வரிசையாக நின்று கட்டுவீர்கள். நான் அதே ஹாலின் ஓரத்தில் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் இருந்தேன். பி.எஸ்ஸி. படித்திருந்ததால் எனக்கு நாற்காலி, உனக்கு நிற்க ஒரு ரப்பர் பாய். நீ ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவள், நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்த டோக்கனை இப்போது யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒருத்தி நகர்ந்தால் லைன் நின்றுவிடும் என்பதற்காக, பாத்ரூம் போவதற்கு ஒரு பித்தளை டோக்கன். லைன் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. அது சூப்பர்வைசரான அவன் மேசைமேல் இருக்கும். அவனிடம் கேட்டு வாங்கிப் போக வேண்டும், திரும்பி வந்து அவன் கையிலேயே கொடுக்க வேண்டும். என்னைப் போன்ற ஸ்டாஃபுக்கு டோக்கன் இல்லை. நினைத்தபோது எழுந்து போவோம்.

டோக்கனைக்கூடப் பொறுத்திருக்கலாம். அதோடு சேர்த்து அவன் கொடுத்த வார்த்தைகள்தான். "என்னம்மா, இப்பத்தானே போன?" "மாசக் கணக்கா, தினக் கணக்கா?" "பொம்பளைங்கள வேலைக்கு வச்சா கம்பெனிய கக்கூஸுக்குப் பக்கத்துலதான் கட்டணும் போல." பேக்கிங் பகுதி ஆண்களுக்குக் கேட்கும்படி சொல்வான். அவர்களில் இரண்டு பேராவது சிரிப்பார்கள். சிரிப்பு வரவில்லை என்றால் இன்னும் உரக்கச் சொல்வான்.

ஒருநாள் நீ போய் நின்றபோது, "வயித்துக்குள்ள என்ன ஒகேனக்கல்லயா வச்சிருக்க? நிக்காம கொட்டுது" என்றான். ஹாலே சிரித்தது. உனக்குக் காது சிவந்ததை நான் பார்த்தேன். ஆனால் நீட்டிய கையை நீ மடக்கவில்லை.

"டோக்கன் குடுங்க சார்."

"குத்தாலமா? அதுலகூட சீசன் முடிஞ்சா நிக்குமே."

"டோக்கன் குடுங்க சார்."

அதே குரல். முதல் தடவை சொன்னதைவிட ஒரு நூல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூன்றாவது முறை நீ கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. அவன் டோக்கனை மேசைமேல் தள்ளினான். நீ போய்விட்டு வந்து அதை அவன் கையில் வைத்து, "நன்றிங்க சார்" என்றாய். கேலியாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு சொல்வாயே, அப்படி.

அன்று பஸ்ஸில் ஏறியதும் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "எப்படிடி நின்னே? நானா இருந்தா அந்த டோக்கன அவன் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சிருப்பேன்."

"எறிஞ்சிட்டு? அப்பறம் மேசைக்கடியில குனிஞ்சு தேடறது யாரு, நீயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் கோபமும் வந்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சொன்னது அவரு. அது அவரோடது. நான் எதுக்கு அத வூட்டுக்குத் தூக்கினு போவணும்?" என்றாய்.

நீ அதைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாய். நான் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று மட்டும் அல்ல, ஒவ்வொரு நாளும். உன்னிடம் சொன்னது, லைனில் உன் பக்கத்தில் நின்ற சரோஜாவிடம் சொன்னது, புதிதாக வந்த பெண்ணிடம் அவள் கல்யாணத்துக்கு மறுவாரம் சொன்னது, ஒன்று விடாமல் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

அந்த மேசைக்குப் போகாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. தண்ணீர் குடிக்காமல் இருப்பது. நீங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தீர்கள். நீ வீட்டில் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு ஏறுவாய், அதன்பிறகு பஸ் உன்னைத் திரும்ப இறக்கிவிடும்வரை தொண்டை நனையாது. மதியத்துக்குமேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். "சூடு" என்பாய். ஒருமுறை சானமாவுக் காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். ஒரு யானை நடுரோட்டில் நின்று நிதானமாக மூத்திரம் பெய்தது. இரண்டு பக்கமும் லாரிகள் காத்திருந்தன. "பாத்தியா, அதுங்கிட்ட எவனாச்சும் டோக்கன் கேக்கறானா?" என்றாய். பஸ்ஸே குலுங்கியது. ஆண்களும் சிரித்தார்கள். அதுதான் அவர்கள் முதல்முறை நம்மோடு சேர்ந்து சிரித்தது.

என் வழி வேறாக இருந்தது. அவன் வீட்டு நம்பரை நான் எடுத்து வைத்திருந்தேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவன் மனைவிக்குப் போன் செய்து, அவன் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது என் ஏற்பாடு. நீ வேண்டாம் என்றாய்.

"அந்தம்மா இன்னா பண்ணுச்சு? அதும் அவருகிட்ட ஒரு டோக்கன் வாங்கித்தான் பொழைக்குதோ என்னமோ."

"அப்ப சும்மா விட்டுடலாமா?"

"யாரு சும்மா வுட்டது?" என்று சொல்லிவிட்டு, நீ உன் யோசனையைச் சொன்னாய். கேன்டீனில் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார வேண்டும். சாப்பிடக் கூடாது. ஆனால் தண்ணீர் குடிக்க வேண்டும். டம்ளர் டம்ளராக, ஆசை தீர. பிறகு லைனுக்குத் திரும்பி, எல்லோரும் அவன் மேசைமுன் வரிசையில் நின்று, ஒவ்வொருத்தியாக டோக்கன் கேட்க வேண்டும். ஒருவரும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசக் கூடாது. மேனேஜர் சனிக்கிழமைதான் கேன்டீனைச் சுற்றிப் பார்க்க வருவார் என்பதால் சனிக்கிழமை.

எல்லாவற்றையும் யோசித்தவள் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. அது புரட்டாசியின் முதல் சனி.

அன்று நான் ஸ்டாஃப் மேசைக்குப் போகாமல் உங்களோடு வந்து உட்கார்ந்தேன். எல்லாத் தட்டும் கவிழ்ந்திருந்தது. சரோஜா பாகலூர்க்காரி. வீட்டில் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுகிறவள். "நான் எப்படியும் இன்னிக்கு ஒருபொழுதுதான். எனக்கு இது லாபம்" என்று மூன்றாவது டம்ளரை எடுத்தாள். ஐந்தாவதில் வயிற்றைத் தட்டிக் காட்டி, "டேங்கர் லாரி ஆயிட்டேன், யாரும் இடிச்சிடாதீங்க" என்றாள்.

மேனேஜர் வந்தார். நெற்றியில் பளிச்சென்று நாமம். கவிழ்ந்த தட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"லேடீஸ் எல்லாம் சேர்ந்து விரதமா? ரொம்ப சந்தோஷம்மா. நம்ம கம்பெனிக்கே நல்லது."

அவர் உள்ளே ஆளை அனுப்பி, பூஜைக்கு வைத்திருந்த துளசித் தீர்த்தத்தை வரவழைத்து, தன் கையாலேயே ஒவ்வொருத்திக்கும் ஊற்ற ஆரம்பித்தார். சரோஜா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். உன் முறை வந்தது. இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டாய். பிறகு சொன்னாய்.

"விரதம்தாங்க சார். ஆனா பெருமாளுக்கு இல்லீங்க."

"பின்ன யாருக்கும்மா?"

"லைனுக்கு வந்து பாருங்க சார். நாங்க சொன்னா புகார் சொன்ன மாதிரி ஆயிடும்."

அவர் வந்தார். நீங்கள் வரிசையில் நின்றீர்கள். மேனேஜர் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்ததை அவன் பார்க்கவில்லை. முதலில் சரோஜா கை நீட்டினாள். டோக்கன் போனது, வரிசை நின்றது, லைன் நின்றது. அவன் எழுந்தான். "என்னடி இது, மாட்டு மந்தையா? எல்லாம் சேர்ந்து தண்ணி காட்டிட்டு வந்திருக்கீயளா? ஒழுங்கா போய் நில்லுங்க. அடக்கிக்கத் தெரியாதவளுக எதுக்குடி வேலைக்கு வாறீய?" இன்னும் சொன்னான். அதற்குமேல் சொன்னவை என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, இந்தத் தாளில் வைக்க மாட்டேன்.

வரிசை அசையவில்லை. நீ முன்னால் நின்றிருந்தாய்.

"டோக்கன் வந்ததும் குடுங்க சார். நாங்க நிக்கறோம்."

மேனேஜர் தூணைவிட்டு வெளியே வந்தார். டோக்கனைக் கொண்டுவந்த சரோஜாவிடமிருந்து வாங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். மறுவாரத்திலிருந்து டோக்கன் இல்லை. அவனை வேறு பிளான்ட்டுக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை, பதவி குறையவில்லை. உங்களில் ஒருத்தியிடமும் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் பஸ்ஸில் ஜெயித்துவிட்டதாகப் பாடிக்கொண்டு வந்தீர்கள். எனக்கு ஆறவில்லை. இது என்ன ஜெயம் என்று உன்னிடம் கேட்டேன். "தண்ணி குடிக்கறோம் இல்ல?" என்றாய்.

நீ குடித்தாய். ஆனால் அது தாமதம். உன் முகம் வீங்க ஆரம்பித்தபோது, இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி போய்விட்டது என்றார்கள். தண்ணீர் குடிக்காமல் நின்ற வருடங்களால்தானா என்று டாக்டரிடம் நான் நேராகவே கேட்டேன். பல காரணம் இருக்கலாம் என்றார். அவருக்கு அப்படிச் சொல்லத்தான் முடியும். எனக்கு ஒரே காரணம்தான் தெரியும். அதற்கு ஒரு முகம் இருந்தது.

கடைசியாக உன்னை ஊரில் வந்து பார்த்தபோது நீ கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் மூடி போட்ட சின்னச் சொம்பு. ஒரு நாளைக்கு அந்தச் சொம்புத் தண்ணீர்தான், அதற்குமேல் கூடாது என்று அளந்து கொடுத்திருந்தார்கள். நான் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கண்டுகொண்டாய்.

"இப்ப டோக்கன் டாக்டர் கைல இருக்குது" என்று சிரித்தாய்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்றேன். உன் வீட்டில், உன் பிள்ளைகள் காதில் விழும்படிதான் சொன்னேன். நீ என்னைத் தடுக்கவில்லை. உன்னைச் சாமியாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே நீ அன்று சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"நான் இன்னா மகானாடி? மனசுக்குள்ள அவர எத்தினி வாட்டி செருப்பால அடிச்சிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும்."

"பின்ன ஏன் அடிக்கல?"

"அடிச்சா அவரு அழுவாரு. அவரு அழுதா எல்லாரும் அவரு பக்கம் போயிடுவாங்க. அடிக்காம நின்னேன் பாரு, அப்ப அவருக்குப் போக்கிடமே இல்ல."

சொம்பின் மூடியை அழுத்திவிட்டு, "அப்பறம், என் கைய நான்தான் பாத்துக்கணும். அதுல அவரு அழுக்கு எதுக்கு?" என்றாய். அந்த மாதமே போய்விட்டாய்.

இப்போது நான் வேறு கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். கண்ணாடி போட்டிருக்கிறேன், முன்தலை நரைத்துவிட்டது. இங்கே கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அந்த இடத்தைவிட்டு நகர வேண்டுமானால், மாற்று ஆள் வந்து நிற்க வேண்டும். மாற்று ஆளை அனுப்புவது என் வேலை. போன மாதம் ஒப்பந்தக்காரர் புதிதாக ஓர் ஆளை அனுப்பினார். இரண்டாம் நாள் இன்டர்காம் அடித்தது.

"மேடம், கேட்ல இருந்து பேசுறேன். ஒரு ரிலீவர அனுப்புவீயளா? கொஞ்சம் அவசரம்."

அவன்தான் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது. தெற்கத்தி இழுப்பு மாறவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொளதொளவென்று சீருடை, தலையில் பொருந்தாத தொப்பி. சர்க்கரை வியாதி போலிருக்கிறது, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. மறுநாள் நேருக்கு நேர் அவனைத் தாண்டி உள்ளே போனேன். சல்யூட் அடித்தான். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. அவன் மேசைக்கு வந்த பெண்களின் முகத்தை அவன் என்றைக்குப் பார்த்தான், ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் முகத்தைப் பார்க்க?

அடுத்த முறை இன்டர்காம் அடித்தபோது, "அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அனுப்பவில்லை. ஃபைலைப் புரட்டினேன். அவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் நிற்பதைப் பார்த்தேன். மறுபடி போன் வந்தது. "ஆள் வந்துட்டிருக்கு" என்றேன். எனக்கு அது பிடித்திருந்தது. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பிறந்தநாளுக்குப் புதுப்புடவை கட்டியதுபோல அன்று முழுவதும் ஒரு மிடுக்கோடு இருந்தேன். ஒகேனக்கல் வாக்கியத்தைக்கூட ஒருநாள் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன். ஒரு போன் செய்தால் ஒப்பந்தக்காரர் அவனை நிறுத்திவிடுவார். அதையும் யோசித்தேன். ஆனால் அது ஒரே நாளில் முடிந்துவிடும். எனக்கு அது போதாது.

அதன்பிறகும் அவன் கூப்பிட்டபோதெல்லாம் இதையே செய்தேன். நேற்று அவன் தாங்கவில்லை. கேட்டுக்கு வெளியே கர்நாடகா லாரி ஒன்று நின்றிருந்தது. அவன் கால்சட்டையில் ஈரம் படர்வதை மேலே உட்கார்ந்திருந்த டிரைவர் பார்த்துவிட்டான். "ஏன் சார், மளெ பந்தா?" என்று கேட்டுவிட்டுக் கிளீனரோடு சேர்ந்து சிரித்தான். மழை வந்துவிட்டதாம். அவன் பதில் பேசவில்லை. நனைந்த கால்களோடு நடந்து கேட்டைத் திறந்துவிட்டு, வண்டி உள்ளே போனதும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

நான் எத்தனை வருடம் காத்திருந்த காட்சி அது. எனக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லை. அவனுக்கு இரக்கப்பட்டேன் என்று நினைத்துவிடாதே, அது இல்லை. அவன் எதற்காக நனைந்தான் என்று அவனுக்குத் தெரியாது. தனக்கு வயதாகிவிட்டது, வியாதி வந்துவிட்டது, மேலே இருக்கும் மேடத்துக்கு மறதி என்றுதான் நினைத்திருப்பான். உன் கணக்கு அதில் எங்கேயும் இல்லை. அவன் பேசாமல் நின்றது வேறு வழியில்லாமல். நீ நின்றது வழிகள் எல்லாம் இருந்தும். நேற்று அந்த ஜன்னலில் நின்றபோது எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. டோக்கன் வைத்திருந்தவனின் மேசையில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் சொன்ன அழுக்கை எல்லாம் தூக்கி வந்த நான் அவனாகவே ஆகிக்கொண்டிருக்கிறேன். அவனோ எதற்காக என்று தெரியாமலே என்னிடமிருந்து தப்பித்துவிடுகிறான்.

அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உரிமை என்னிடம் இல்லவும் இல்லை. அது உன்னிடம் இருந்தது, நீ அதை எனக்குக் கொடுக்காமலே போய்விட்டாய். என் கோபத்தைக் கீழே வைக்கவும் மாட்டேன். ஆனால் அதை அவன் பாணியில் செலவழிக்க மாட்டேன்.

திங்கட்கிழமை இன்டர்காம் அடிக்கும்போது மாற்று ஆளைக் கூப்பிடப் போவதில்லை. நானே படியிறங்கிப் போய் அவன் இடத்தில் நிற்பேன். போய்விட்டு வாருங்கள் என்று சொல்வேன். வண்டி வந்தால் நானே கேட்டைத் திறப்பேன். ஆபீஸ் ஜன்னல்களிலிருந்து எல்லோரும் பார்க்கட்டும். மறுநாளும் அதையே செய்வேன். ஒருநாள் அவன் கேட்காமல் இருக்க மாட்டான், நீங்க எதுக்கு மேடம் வாறீய என்று. அன்றைக்கு நான் எந்தக் கம்பெனியில் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வேன். உன் பெயரைச் சொல்வேன். நீ எதனால் செத்தாய் என்று சொல்வேன். குரலை உயர்த்தாமல் சொல்வேன்.

அதைத் தெரிந்துகொண்ட பிறகும், அடுத்த நாள் அவன் அந்தப் போனை எடுத்து என்னிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் உடனே போவேன். இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.